மேய்ச்சல் காட்டில் நரி வெங்காயம்



பங்குனி, சித்திரை வெயிலில் ஊர்ப் புறம்போக்குப் பக்கம் நடந்து போகும்போது நீங்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். புல்லெல்லாம் காய்ந்து கருகிக் கிடக்கும். கால் வைத்தால் மண் சுடும். அந்த வெறும் தரையில், இலை என்று பேருக்கு ஒன்றுகூட இல்லாமல், ஒரே ஒரு தண்டு மட்டும் ஒரு முழ உயரத்துக்கு நேராக எழுந்து நிற்கும். அதன் மேல்பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பூக்கள் தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டிருக்கும். பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம். அழகு என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் பூ விரியும். மறுநாள் காலையில் நீங்கள் போய்ப் பார்த்தால் வாடியிருக்கும். அதனால் அதைப் பூவாகப் பார்த்தவர்களே குறைவு.

பிறகு மழை பெய்யும். மண் ஈரமானதும் அதே இடத்தில் தட்டையான, நீண்ட இலைகள் கொத்தாகப் புறப்படும். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளம் இருக்கும். அப்போது குச்சி போயிருக்கும். இந்த இலையும் அந்தக் குச்சியும் ஒரே செடி என்று பலருக்கும் தெரியாது. பூ வரும்போது இலை இல்லை, இலை வரும்போது பூ இல்லை. இரண்டுக்கும் தாய் மண்ணுக்குள்ளே இருக்கிற கிழங்கு. தோண்டிப் பார்த்தால் கைப்பிடி அளவுக்கு, வெள்ளையாய், அடுக்கடுக்காய், அசல் வெங்காயம் போலவே இருக்கும்.

இதுதான் நரி வெங்காயம். காட்டு வெங்காயம் என்றும் சொல்லுவாங்க. தெலுங்கில் நக்கவுல்லிகட்ட என்கிறார்கள், அதுவும் நரி வெங்காயம்தான். மலையாளத்தில் காட்டுள்ளி. இந்தியில் ஜங்கிலி பியாஜ். எல்லா ஊர்க்காரர்களும் சொல்லிவைத்தாற்போல 'வெங்காயம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் ஆபத்து. இது வெங்காயமே இல்லை.

நம் முன்னோர்கள் சும்மா ஒன்றும் 'நரி' என்று சேர்க்கவில்லை. நரிப்பயறு என்கிறோம், பயறு மாதிரி இருக்கும், ஆனால் நாம் விதைத்த பயறு அல்ல. நாய்த்துளசி, பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை என்றெல்லாம் சொல்கிறோம். வீட்டுச் செடியைப் போலவே காட்டில் ஒன்று நின்றால் அதற்கு நரி, நாய், பேய் என்று ஓர் அடைமொழி கொடுத்துவிடுவது வழக்கம். "பார்த்துத் தொடு" என்கிற எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. நரிப்பயறு ஆபத்தில்லாதது, மாட்டுக்கு நல்ல தீவனம். பேய்ச்சுரை கசக்கும், உடம்புக்கும் ஆகாது. நரி வெங்காயம் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது, அதிலும் ஒரு படி மேலே.

எப்படி அடையாளம் காண்பது? மூன்று விஷயத்தைப் பாருங்கள். முதலாவது வாசனை. கிழங்கை ஒரு கீறல் கீறி மோந்து பார்த்தால் வெங்காய வாடை துளியும் இருக்காது, கண்ணும் எரியாது. நம் வெங்காயத்தில் கந்தகம் சேர்ந்த சத்துக்கள் இருக்கின்றன. அரியும்போது அவைதான் ஆவியாகக் கிளம்பிக் கண்ணில் நீரை வரவழைக்கின்றன. நரி வெங்காயத்தில் அந்தச் சங்கதியே கிடையாது. இரண்டாவது இலை. வெங்காயத் தாள் குழல் போல உள்ளே கூடாக இருக்கும், நரி வெங்காய இலை தட்டை. மூன்றாவது பூ. வெங்காயம் விதைக்கு விட்டால் தண்டின் நுனியில் பந்து மாதிரி ஒரே உருண்டையாகப் பூக்கும். நரி வெங்காயத்தில் பூக்கள் தண்டு நெடுகத் தனித்தனியாகத் தொங்கும். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். கடுங்கசப்பு என்பதை நானே சொல்லிவிடுகிறேன், நாக்கில் வைக்காதீர்கள்.

கீறிய கையோடு கண்ணையும் தேய்க்காதீர்கள். அந்தக் கொழகொழப்பான சாற்றில் ஊசி ஊசியாகச் சின்னப் படிகங்கள் இருக்கின்றன. கருணைக் கிழங்கு ஏன் அரிக்கிறது? அதே காரணம்தான் இங்கேயும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், மென்மையான தோலாக இருந்தால் கொப்புளமே போடும்.

தாவர நூலார் இதற்கு மூன்று முறை பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சோழமண்டலக் கரையில் வெகுகாலம் வேலை பார்த்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவர அறிஞர் சில்லா இண்டிகா என்று எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு, 1832-இல்தான் அந்த நூல் முழுமையாக அச்சாயிற்று. பிறகு அர்ஜீனியா இண்டிகா ஆயிற்று. பழைய மருந்து நூல்களில் இந்தப் பெயரைத்தான் பார்ப்பீர்கள். இப்போது ட்ரைமியா இண்டிகா என்கிறார்கள். பெயர் மாறினாலும் செடி மாறவில்லை.

நிஜமான காட்டு வெங்காய இனங்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். உத்தரகாண்ட் மலைக்காரர்கள் ஜம்பு என்று ஒரு காட்டு வெங்காயத்தின் இலையைக் காயவைத்துப் பருப்புக்குத் தாளிக்கிறார்கள். அது வாசனையாக இருக்கும், சாப்பிடலாம். நம் புறம்போக்கில் நிற்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, இந்தச் செடி எங்கே வாழ்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது வாழ்கிற இடமும் நாம் ஆடு மேய்க்கிற இடமும் ஒன்று. கடலோர மணற்பாங்கு, பனங்காட்டு மணல், செம்மண் சரளை, குன்றின் அடிவாரம், முட்புதர்க் காடு, கோயில் காடு, இப்படி உழவு ஏறாத, தண்ணீர் தேங்காத இடங்கள்தான் இதற்குப் பிடித்தவை. நஞ்சையில் பார்க்க முடியாது. களிமண்ணில் நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். வடிகால் நன்றாக இருந்து, வருஷத்தில் பல மாதம் வறண்டு கிடந்தால் போதும், இதற்கு அதுவே சொர்க்கம்.

மழையில்லாக் காலத்தை அது கழிக்கிற விதத்தைப் பாருங்கள். வெங்காயத்தைப் போன்ற அந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் நீரும் மாவும் சேர்த்து வைக்கிற குதிர். மழைக்காலத்தில் இலை வெயிலை வாங்கிச் சமைத்து அந்தக் குதிரை நிரப்புகிறது. நிரப்பி முடித்ததும் இலை வாடிப் போகிறது. கோடையில் வெளியே ஒன்றும் தெரியாது. தரைக்கு மேலே இலை இருந்தால்தானே வெயில் உறிஞ்சும்? அதனால் இலையை விட்டுவிட்டுக் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்குகிறது. பிறகு சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூவுக்குச் செலவு செய்கிறது. மழைக்கு முன்பே பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டால், மழை வரும்போது விதை மண்ணில் தயாராக இருக்கும். புழுதி விதைப்பு என்று நாம் செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

காய் முப்பட்டையாக இருக்கும். காய்ந்து வெடித்தால் உள்ளே கறுப்பாக, தட்டையாக, லேசான விதைகள். கோடைக் காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடும். விதை முளைத்து வருகிற கன்றின் கிழங்கு மேல்மண்ணில் சிறு பூண்டுப் பல் அளவில்தான் இருக்கும். ஆனால் பெரிய கிழங்கைத் தோண்டக் கடப்பாரை வேண்டியிருக்கிறது. எப்படி ஆழத்துக்குப் போயிற்று? அதன் வேர்களில் சில, மண்ணைப் பிடித்துக்கொண்டு பிறகு சுருங்கும். கிணற்றில் கயிறு இழுப்பதுபோல ஒவ்வொரு பருவமும் கிழங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துவிடும். வேரை எடுத்துப் பார்த்தால் அந்தச் சுருக்கம் வளையம் வளையமாகக் கண்ணுக்கே தெரியும்.

புதிதாகத் தரிசை உடைத்து உழுதவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். கொழுவில் மாட்டி வருகிற கிழங்கை எடுத்து வரப்பில் எறிந்தால் அது சாகாது. மாதக் கணக்கில் மண்ணே இல்லாமல் கிடந்து, பருவம் வந்ததும் கிடந்த இடத்திலேயே பூந்தண்டு விடும். இதைக் கண்டு வியந்துதானோ என்னவோ, கிரேக்க நாட்டிலே, இதன் ஒன்றுவிட்ட உறவான கடல் வெங்காயத்தை வருஷப் பிறப்பன்று வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வாடாமல் துளிர்க்கும், வீட்டுக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊரில் ஆகாசகருடன் கிழங்கு கட்டுகிறோம் அல்லவா, அது போல. ஆனால் ஆகாசகருடன் கொடி இனம், கோவைக் குடும்பம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

பாலஸ்தீனப் பக்கத்தில் அதே கடல் வெங்காயத்தை நிலத்தின் எல்லையில் வரிசையாக நட்டுவைப்பது நெடுநாள் வழக்கம். ஆடு தின்னாது, உழவு தொடாத ஆழத்துக்குப் போய்விடும், லேசில் பிடுங்க முடியாது, வருஷா வருஷம் அதே இடத்தில் தலைநீட்டும். எல்லைக் கல்லையாவது ராத்திரியில் நகர்த்தலாம், இதை நகர்த்த முடியாது. பங்காளித் தகராறு உள்ள ஊருக்கு நல்ல யோசனைதான்.

'ஆடு தின்னாது' என்று சொன்னேன். இங்கே நிறுத்தி, ஆடு வளர்ப்பவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

கிடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை இதைப்பற்றிக் கேட்டேன். "ஆட்டுக்குத் தெரியாதுங்களா ஐயா? மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போயிடும்" என்றார். உண்மைதான். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆடு தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. கசப்பும் அதை விரட்டும். ஆனால் சந்தையில் நேற்று வாங்கி வந்த ஆட்டுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீண்ட வறட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்து, புல் இன்னும் முளைக்காமல், இந்த இலை மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும்போது, பட்டி திறந்ததும் பசியோடு ஓடுகிற ஆடு கசப்பைப் பார்க்குமா? அந்தப் பத்து, பதினைந்து நாள்தான் ஆபத்தான காலம்.

இது கற்பனைப் பயம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த செடிகள் இருக்கின்றன. அங்கே அவற்றுக்குப் 'பாம்புத் தலை' என்று பொருள்படும் பெயர். பூந்தண்டின் மொட்டு மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது பாம்பு தலை தூக்குவது போலத் தெரியுமாம். வறட்சி கழிந்து, புல்லுக்கு முன்னால் இவை துளிர்க்கிற காலத்தில் ஆடும் மாடும் மேய்ந்து செத்துப் போவது அங்கே பெரிய தொல்லை. புதிதாகக் கொண்டுவரப்பட்ட கால்நடைகளே அதிகம் மாட்டுகின்றன என்பதும் அவர்கள் அனுபவம்.

விஷம் என்ன செய்கிறது? அரளி விதை ஏன் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். நரி வெங்காயத்தில் உள்ள நஞ்சும் அதே வேலையைச் செய்வதுதான். நெஞ்சைப் பிடிக்கிற நஞ்சு. இதயத் தசையின் ஒவ்வொரு உயிரணுவிலும் சின்னச் சின்ன பம்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற உப்புச் சத்தை வெளியே இறைத்து, சாம்பல் சத்தை உள்ளே விடுவது அவற்றின் வேலை. இந்த நஞ்சு அந்தப் பம்பில் போய் அடைத்துக்கொள்கிறது. உப்பு உள்ளே தேங்கினால், அதன் பின்னாலேயே சுண்ணாம்புச் சத்தும் தேங்கும். சுண்ணாம்புச் சத்து கூடினால் தசை பலமாகச் சுருங்கும். அளவு மிகக் குறைவாக இருந்தால், தளர்ந்த இதயத்துக்கு அது மருந்து. கொஞ்சம் கூடினாலும் துடிப்பு தாளம் தப்பி, தாறுமாறாகி, நின்றே போகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருக்கிற வரப்பு மிக ஒல்லி.

அந்த ஒல்லி வரப்பில் நடந்துதான் வைத்தியர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உலர்த்திய வில்லைகளைச் சளி இளக்கும் மருந்தில் மிகச் சிறிய அளவில் சேர்ப்பதுண்டு. ஐரோப்பிய மருந்து நூல்களில் கடல் வெங்காயம் இருந்தது. அதற்குப் பதிலாக நம் நாட்டு நரி வெங்காயத்தைப் பயன்படுத்தலாம் என்று இந்திய மருந்து நூல் ஏற்றுக்கொண்டது. சித்த வைத்தியத்திலும் இதற்கு இடம் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்ற இரசாயன அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1920-களிலும் 1930-களிலும் கடல் வெங்காயத்தின் நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். பிரித்தெடுத்தால்தான் இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துக் கொடுக்க முடியும். உங்கள் கையில் இருக்கிற பச்சைக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தத் தராசும் சொல்லாது. ஒரு கிழங்குக்கும் அடுத்த கிழங்குக்கும், ஒரு பருவத்துக்கும் மறு பருவத்துக்கும் அது மாறும். ஆகவே 'பாட்டி சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டாராம்' என்று இருமலுக்கோ, மூச்சிரைப்புக்கோ, கல்லடைப்புக்கோ இதைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். ஏற்கெனவே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிப் பெண்கள், குழந்தைகள் இவர்கள் பக்கமே கொண்டு போகக் கூடாது.

குதிகால் வலி விஷயம் வேறு. கிழங்கை இரண்டாக அரிந்து, தோசைக் கல்லில் சூடு காட்டி, குதிகாலை அதன்மேல் வைத்து மிதிக்கிறார்கள். காலாணிக்கும் சுட்டு வைத்துக் கட்டுகிறார்கள். இதமாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். அந்த இதத்தில் சூட்டின் பங்கு பெரிது என்பது என் எண்ணம். செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தாலும் கேட்கிற வலிதான் பெரும்பாலும். செய்கிறவர்களைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். எவ்வளவு சூடு என்று தெரியாமல் வைத்துவிட்டு, தோல் வெந்து புண்ணாகி, அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும்படி ஆகலாம். சர்க்கரை உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். மற்றவர்கள் வெடிப்பும் புண்ணும் இல்லாத காலாகப் பார்த்துச் செய்யுங்கள், செய்த பிறகு காலையும் கல்லையும் நன்றாகக் கழுவுங்கள். அந்தத் தோசைக் கல்லைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கிழங்கை அடுப்படியில், வெங்காயக் கூடைப் பக்கத்தில் வைக்காதீர்கள், தாய்மார்களே. அவசரத்தில் சமைக்கிற கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி, வயிற்று வலி, கழிச்சல், தலைசுற்றல் வரும். நாடி மெதுவாகவும் விட்டு விட்டும் அடிக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுத்துத் தூங்க வைப்பது எல்லாம் வேண்டாம். 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தின்ற கிழங்கின் மிச்சத் துண்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். 'அரளி போன்ற விஷம்' என்று சொன்னாலே மருத்துவருக்கு வழி தெரிந்துவிடும்.

ஆடு மாட்டுக்கு என்றால், மேய்ச்சலை நிறுத்தும், அசை போடாது, வயிறு உப்பும், கழியும், பின்கால் தள்ளாடும். அந்த நேரத்தில் நாம் வழக்கமாகச் செய்கிற காரியம், 'வீட்டுக்கு ஓட்டிப் போவோம்' என்று கம்பை எடுத்து விரட்டுவது. அதுதான் கூடாது. தாளம் தப்பித் துடிக்கிற இதயத்துக்கு ஓட்டம் எமன். நாலடி ஓடினால் விழுந்துவிடும். இருக்கிற இடத்திலேயே நிழலில் படுக்க வையுங்கள். சத்தம் போடாமல், நாயை அண்ட விடாமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவரை அங்கே வரவழையுங்கள். மருந்துக் கரித்தூள் கொடுத்து வயிற்றில் உள்ள நஞ்சை உறிஞ்ச வைக்க முடியும். அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். முன்னெச்சரிக்கையாக, முதல் மழைக்குப் பிறகு இரண்டு வாரம் புறம்போக்குக்கு அனுப்பும் முன் ஒரு கை உலர் தீவனமோ தழையோ காட்டி, பாதிப் பசியாற்றி அனுப்புங்கள். புதிதாக வாங்கிய ஆடுகளை அந்த இரண்டு வாரம் கட்டியே வளர்ப்பது உத்தமம்.

'இவ்வளவு கெட்டது என்றால் எல்லாவற்றையும் தோண்டி எறிந்துவிடலாமே' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எலிக்கு வைக்கலாமா என்றும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தியதரைக் கடல் பக்கத்தில் கடல் வெங்காயத்தில் சிவப்புச் சாதி ஒன்று உண்டு. அதை எலி விஷமாகப் பயன்படுத்தினார்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. நாய், பூனை தின்றால் வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்ளும் என்பது அதில் சௌகரியம். நம்முடையது வெள்ளை. அந்தச் சிவப்புச் சாதியின் தனி நஞ்சை நம்பி இதை வைத்தால் எலி சாகும் என்ற உறுதி இல்லை. களத்து மேட்டில் கோழியும் குழந்தையும் திரிகிற இடத்தில் வைக்கவும் கூடாது.

தோண்டி எறிவதைப் பற்றி. இப்போது சில ஊர்களில் அது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. பொக்லைன் வந்து புறம்போக்கைச் சமன் செய்கிறது. சீமைக் கருவேல் மூடிய இடத்தில் அடிச் செடிகள் குறைந்து போகின்றன. போதாததற்குக் குதிகால் வலிக்கென்று வாரச் சந்தையிலும் கடைத்தெருவிலும் இது விலைக்கு வந்துவிட்டது. யாரோ ஒருவர் சாக்கோடு வந்து, கிலோவுக்கு இத்தனை என்று பேசி, ஒரு கோயில் காட்டையே இரண்டு நாளில் கடப்பாரையால் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறார். பெரிய கிழங்கு விலைக்குப் போகிறது, சின்னது வெயிலில் கிடந்து காய்கிறது. விதையிலிருந்து கைப்பிடிக் கிழங்கு ஆவதற்குப் பல வருஷம் பிடிக்கும். ஒரு கை நிறைய காசுக்காக அந்த வருஷங்களை விற்றுவிடுகிறோம். புரட்டிய மேல்மண் அடுத்த மழையில் ஓடையில் போகும். அதில் முளைக்க வேண்டிய கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து போகும். உங்கள் ஆட்டுக்கு நட்டம் அங்கேதான், நரி வெங்காய இலையில் இல்லை.

காப்புக் காட்டுக்குள் தோண்டுவது சட்டப்படி குற்றம். புறம்போக்கும் கோயில் காடும் ஊருக்குப் பொது. சாக்கு வியாபாரி வந்தால் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்தத் தரிசில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் இப்படிச் செய்யலாம். மருந்துக்குப் பூத்து முடிந்த கிழங்கைத்தான் எடுப்பார்கள். பூ உதிர்ந்ததும் பறிக்காமல், காய் வெடித்து விதை பறக்கும் வரை பொறுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். கைப்பிடியில் பாதிகூட இல்லாததை அதே குழியில் திருப்பி வைத்து மண்ணை மூடி மிதித்துவிடுங்கள். எடுத்ததில் ஒன்றைக் கீழ்த் தட்டோடு சேர்த்து நீளவாக்கில் நான்காக அரிந்து, வெட்டு வாய் காய்ந்த பிறகு மணலில் ஊன்றினால் ஒவ்வொரு துண்டின் அடியிலும் குட்டிக் கிழங்குகள் கட்டும். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் அழுகும். வில்லை போடுகிறவர்கள் வெளிச் சருகுத் தோலை நீக்கி, கையுறை போட்டுக்கொண்டு மெல்லிசாக அரிந்து நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ந்த வில்லை காற்றின் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். டப்பாவின் மேல் 'விஷம்' என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதையே பயிராக ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு போடுகிறார்கள். அதற்கு விதை வாங்க ஆள் இருக்கிறது, அப்படியும் விலை ஏறி இறங்கி அவர்களைப் படுத்துகிறது. நரி வெங்காயத்துக்கு நிலையான சந்தை என்று ஒன்று இல்லை. யாராவது 'கிழங்கு நாங்கள் தருகிறோம், விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் வந்து விசாரியுங்கள். வேலி ஓரத்தில், கிளுவைக்கு அடியில், ஆடு எட்டாத இடத்தில் பத்து கிழங்கு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு உரமும் வேண்டாம், நீரும் வேண்டாம்.

இந்தப் பங்குனியில் அந்தப் பக்கம் போனால், பொழுது இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள். பகலில் அசிங்கமாகத் தெரிந்த அந்தப் பூ விரிந்திருக்கும். ஆறு இதழ், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பழுப்புக் கோடு. எங்கெங்கே தண்டு நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு வாருங்கள். மழை பெய்து இலை விடும்போது, ஆட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்தக் கல் சொல்லும்.